எவ்வளவு உயரத்தில் இருந்தாய்?

உலகில் இரண்டே வகை விமானிகள்தான் என்பது டேரிலின் ஆணித்தரமான முடிவு. ஒன்று, பிறவி விமானிகள். மற்றது, பறப்பதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்க்கும் பயந்தாங்கொள்ளிகள். முதல் வகையில் அவனுக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

இன்று பயிற்சிப் பள்ளியில் அவன் முதன்முறையாகத் தனியே பறக்கவேண்டிய நாள். ஆனால் விபத்து நடந்த சேதி அவனுக்கு முன்பே ஜோகுபாளையம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாசலிலேயே அம்மா பிரிஜெட் கட்டிக்கொண்டு அழுதாள்.

"மாதாவே! அடி கிடி பட்டுச்சாடா?"

"எனக்கு ஒண்ணுமில்ல மம்மி. பிளேனுக்குத்தான் வால் போச்சு."

"வாலே போச்சா! அப்புறம் எப்படிடா கீழ எறக்கினே?"

டேரில் அடக்கமாகத் தலைகுனிந்தான்.

"எவ்ளோ ஒயரத்துல இருந்தே?"

"அதெல்லாம் எதுக்கு மம்மி? உயிரோட வந்துட்டேன்ல."

அவன் போன் அடித்தது. பயிற்சியாளர் எரிக். அம்மாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னப்பா டேரில், பிளேன் காத்துல நகராம தரையோட கட்டி வெச்சிருந்தோம்ல, அதுல றெக்கையில கட்டின கயித்த அவுத்தே, வால்ல கட்டினத விட்டுட்டே. நின்ன எடத்துலயே இன்ஜின அந்த முறுக்கு முறுக்கினா வால் பிஞ்சு வராம என்ன பண்ணும்? சும்மா ஒரு சுத்து சுத்தி வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல? ஒரு மாசம் பிளேன் பக்கமே வராதே!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நீ மேலயே போகலையா?"

"இல்ல மம்மி."

"சரி, வண்டிய எடு. சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தறேன்னு வேண்டிக்கிட்டேன்."

அம்மா செருப்பு மாட்டுவதற்குள் டேரில் ஸ்கூட்டரை ஒருமுறை சுற்றி வந்தான். பிறகு குனிந்து, பின்சக்கரத்தில் கயிறு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தான்.