தினம், வாரம், எப்போதாவது

“இந்தம்மாவைக் கட்டிக்கிட்டவன் குடுத்து வெச்சவன்யா!” என்றார் மேனேஜர். வேனிலிருந்து இறங்கிய பெட்டிகளை, நகைக்கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பவரைப் போலப் பார்த்தார்.

பன்னிரண்டு அட்டைப் பெட்டிகள், எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மெஷினில் அடித்த லேபிள் ஒன்று, கோணாமல் ஒட்டியிருந்தது. ‘தினம்’, ‘வாரம்’, ‘எப்போதாவது’.

வீட்டில் இடம் கொள்ளாத சாமான்களை வாடகை அறைகளில் பூட்டிவைக்கும் அந்த நிறுவனத்தில், பதினோரு வருஷமாக அவர் வருகிறவர்களுக்கெல்லாம் ஓதிவரும் பாடம் அதுதான். தினம் வேண்டியது கதவோரம், வாரம் ஒருமுறை எடுப்பது நடுவில், எப்போதாவது தேடுவது சுவரோரம். எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு நாற்காலியைத் தலைகீழாகப் போட்டு, அதன்மேல் மெத்தையைத் திணித்து, கதவை முதுகால் தள்ளிச் சாத்திவிட்டுப் போவார்கள்.

“யாருங்க அந்தம்மா? விலாசம், கையெழுத்து ஒண்ணையும் காணோமே?”

“சாயந்திரம் போன்ல அவங்களே பேசறேன்னாங்க சார். அதுவரைக்கும் என் பேர்ல எழுதிக்கச் சொன்னாங்க,” என்றார் வேன்காரர்.

வேறு யாருடைய சாமானாக இருந்தாலும் வேனை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார். இந்த லேபிள்களைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. இவ்வளவு ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவள் விலாசம் தராமலா போய்விடுவாள்?

“எந்தப் பெட்டிய முதல்ல இறக்கணும், எதைக் கடைசியில வைக்கணும், எல்லாத்தையும் எழுதியே குடுத்துட்டாங்க சார்,” என்றார் வேன்காரர். “வாயைத் திறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ரூமுக்குள்ள காத்து வருமான்னாங்க.”

“பெட்டிக்கு எதுக்குய்யா காத்து?”

“அதையேதான் நானும் கேட்டேன். சிரிச்சாங்க.”

மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே தூக்க இறங்கிவிட்டார். கனமானவை அடியில், லேசானவை மேலே. லேபிள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்தபடி, நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்துபோக வழி. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

வேன் போனது. நீளமான நடைவழியில் ஒரு சத்தமில்லை; இருபுறமும் பூட்டிய கதவுகள் மட்டும். அந்த அமைதியில், காலையிலிருந்து ஒதுக்கிவைத்திருந்த நினைப்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

வீட்டிலும் அவர் சும்மா இருக்கவில்லை. உப்பு டப்பாவுக்கு லேபிள், சோப்புப் பெட்டிக்கு லேபிள், செருப்பு விடும் இடத்தில் வலது, இடது என்று இரண்டு லேபிள். போன வாரம் சமையலறைச் சுவரில் மனைவிக்கென்று ஒரு கால அட்டவணையே ஒட்டினார். ‘இரவு 8.10 முதல் 8.25 வரை, கணவருடன் சிரித்துப் பேசுதல்.’

அவள் சிரிக்கவில்லை. “ஒண்ணு இந்த வீட்டுல உங்க லேபிள் இருக்கும், இல்ல நான் இருப்பேன். ரெண்டுல ஒண்ணு ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுங்க,” என்றாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அவர் உடனே டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். ‘ஞாயிறு மாலை 6.00 முதல் 6.15 வரை, மனைவிக்குப் பதில்.’

இன்று ஞாயிறு. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் அலமாரியை விரியத் திறந்துவைத்துக்கொண்டு எதையோ யோசித்தபடி நின்றாள். அப்போது அது உறைக்கவில்லை. பன்னிரண்டு பெட்டிகளைத் தூக்கி அடுக்கிய இந்தக் கைகளுக்கு இப்போதுதான் உறைத்தது. அவளும் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாளோ? அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால்?

கைக்கடிகாரத்தில் மணி நாலு. திட்டப்படி இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவள் இல்லாத வீட்டில் எட்டுப் பத்துக்கு யாருடன் பேசுவது?

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, டைரியில் எழுதாத ஒரு காரியத்தைச் செய்தார். போனை எடுத்தார்.

“நான்தான். ஆறு மணி வரைக்கும் காத்திருக்க வேணாம். நீதான் வேணும், லேபிள் வேணாம். இப்பவே வந்து எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடறேன். அந்த அட்டவணையையும்தான்!”

மேனேஜர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

“தயவு பண்ணி உங்கண்ணன் வீட்டுக்கு மட்டும் போயிடாதேம்மா.”

“நான் எதுக்குங்க போகணும்? நான் பாட்டுக்கு வீட்டுலதானே இருக்கேன்.”

“அப்பாடா!” அவர் அப்படியே கதவோரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். “வயித்துல பாலை வார்த்தே. காலையில அலமாரியத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னியா, நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்.”

“அதெல்லாம் இருக்கட்டும். பெட்டி பன்னண்டும் வந்து சேர்ந்துச்சில்ல? உங்க பல் பிரஷ் ‘தினம்’ பெட்டில மேலாகவே இருக்கு.”