குதிக்கும் பின்சக்கரம்

"பதிமூணாம் நம்பர் ஸ்பேனர், சீக்கிரம்!" காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவள் கையை நீட்டினாள். இரண்டு கார்கள் பக்கம்பக்கமாக ஓடும் இறுதிப் பந்தயத்துக்குப் பத்தே நிமிடம்.

கணவன் எடுத்துக் கொடுத்தான். "கிளம்பும்போது பின்சக்கரம் ஏன் தவளையாட்டம் குதிக்குது?"

"பின் அச்சைத் தாங்குற பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்குது. முன்பாதிப் பட்டைகளைச் சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்கிட்டேன், பின்பாதியை லூசா விட்டிருக்கேன். இனி டயர் தரையை விடாது."

"மூணு வருஷமா ஃபைனல்ல மண்ணைக் கவ்வுறேன். இன்னிக்கும் தோத்தா உங்க வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது."

"எங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டார். சிரிப்பார், அவ்வளவுதான்."

"அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியல."

அவள் வெளியே வந்து முழங்கையைத் தட்டிக்கொண்டாள். "தைரியமா மிதிங்க. ஆனா ஒண்ணு, இந்தத் தடவை வண்டி மேல பழி போட முடியாது."

ஒலிபெருக்கி இரண்டு வண்டிகளையும் அழைத்தது. அவன் தன் வண்டியைத் தொடக்கக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். பக்கத்துத் தடத்தை ஓரக்கண்ணால் பார்த்தான்.

மூன்று வருடமாக அவனைத் தோற்கடித்துவரும் வண்டிக்குள், கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி.