கசப்பிலை

மூன்றாவது முறையும் கண்ணாடித் தட்டில் கிருமிகள் செழித்து வளர்ந்திருந்தன. கசப்பிலைச் சாறு ஒன்றைக்கூடக் கொல்லவில்லை.

நைஜீரியாவின் எனுகு பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து வீடு திரும்பிய ஒகேச்சி, நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. என் கைதான் ராசியில்ல போல. இந்த மாசத்துக்குள்ள முடிவு வரலைன்னா வேற தலைப்பு பாருன்னுட்டார் புரொபசர்."

"இலையில கோளாறா இருக்குமோ?" என்றான் கணவன்.

"நீதானே காய வச்சுக் குடுத்தே, ஒபியோரா?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வேலையில குறை சொல்லாதே! உனக்கு நேரமில்லையேன்னு, சூப்புக்குச் செய்யற மாதிரியே ஏழு தண்ணி மாத்திக் கசக்கிப் பிழிஞ்சுதான் காய வச்சேன். துளிக் கசப்பு இருக்காது!"

ஒகேச்சி பேனாவைக் கீழே வைத்தாள். கிருமியைக் கொல்வதே அந்தக் கசப்புதான்.

"பிழிஞ்ச தண்ணி?"

"அதைப் போய் யாராவது கொட்டுவாங்களா? நானே குடிச்சிட்டேன். ஒரு மாசமாப் படுத்தின வயித்துப்போக்கு நின்னதே அதுலதான்."

ஒகேச்சி மறுபடி பேனாவை எடுத்து, நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

"எந்தத் தேதியில நின்னுச்சு? சரியா யோசிச்சுச் சொல்லு."