மூன்றாம் மாடிச் சத்தம்

"தண்ணி ஏறும்போது சத்தமா, துணி சுத்தும்போது சத்தமா?"

வாஷிங் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தபடி மெக்கானிக் கேட்டான். நிகோரா அவன் முகத்தைப் பார்க்காமல், மெஷினைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"கடைசியில வேகமாச் சுத்துதே, அப்போ. கடகடன்னு."

"கடகடவாம்," என்றாள் சனோபர். "கீழே வந்து கேட்டுப் பாரு தம்பி. தலைமேல குதிரை வண்டி ஓடற மாதிரி டங்கு டங்குன்னு விழுது."

சனோபர் இரண்டாம் மாடிக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கணவர் நமங்கான் நகரக் கடைத்தெருவில் ரொட்டி சுடுகிறவர். விடியுமுன்னே போய், காலை பத்து மணிக்கு வந்து படுப்பார். பத்தரைக்கு மேல்வீட்டு மெஷின் ஆரம்பித்துவிடும். தூக்கம் கெட்டுக் கெட்டு, முந்தாநாள் தந்தூரி அடுப்புக்குள் ரொட்டியை ஒட்டும்போது கண் செருகி, முன்கையைப் பொசுக்கிக்கொண்டு வந்தார்.

இந்த மெக்கானிக் போன வாரமும் வந்தான், அதற்கு முந்தின வாரமும் வந்தான். சத்தம் போனபாடில்லை. அதனால்தான் இன்று சனோபரும் மாடியேறி வந்திருந்தாள். சத்தம் நிற்காமல் கீழே இறங்குவதாக இல்லை.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்து, அடியிலிருந்த மூடியைத் திருகினான். அழுக்குத் தண்ணீரோடு நான்கு ஆப்ரிகாட் கொட்டைகள் உருண்டு வந்தன.

"முதல்ல பொத்தான். போன வாரம் ஊக்கு. இன்னைக்கு இது."

"ஏம்மா, சட்டைப் பையில தோப்பே வெச்சிருந்தியா?" என்றாள் சனோபர்.

"கவனிக்காம போட்டுட்டேன்க்கா."

"சின்னச் சத்தமா இருக்கும்போதே கவனிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது," என்றான் மெக்கானிக், மூடியைத் துடைத்துக்கொண்டே.

"கேட்டவங்க அப்பவே வாயைத் திறந்து என்னன்னு கேட்டிருக்கலாம்," என்றாள் நிகோரா.

"பேச்செல்லாம் அப்புறம். ஓடவிட்டுக் காட்டு தம்பி," என்றாள் சனோபர்.

அவன் ஸ்பானரை எடுத்து முன்கால் நட்டையும் இறுக்கிவிட்டு மெஷினை ஓடவிட்டான். முழு வேகத்தில் சுற்றியபோதும் மேலே வைத்த தேநீர்க் கிண்ணம் அசையவில்லை. சனோபருக்கு உயிர் வந்தது.

ஆனால் அடுத்து நடந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போய் மூன்று மாதமாக வீட்டில் இல்லாத பெண், மெக்கானிக்குக் கால் கிண்ணம் கால் கிண்ணமாகத் தேநீர் ஊற்றுகிறாள். விருந்தாளி சீக்கிரம் எழுந்து போய்விடக் கூடாதென்றால்தான் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். அவன் குடித்து முடிக்க, மறுபடி ஊற்ற, அவன் மறுபடி உட்கார. கற்கண்டு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை; தானே போட்டாள்.

அவன் கிளம்பும் நேரம், ரொட்டி கட்டித்தர நிகோரா உள்ளே போனாள். வாசலில் குனிந்து செருப்பு மாட்டிய சனோபர் தற்செயலாகத் திரும்பினாள். இறுக்கிய அதே நட்டை அவன் இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் எழுந்தான்.

அவன் படியிறங்கும் வரை சனோபர் வாயை அடக்கிக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"நிகோரா, அவன் மெக்கானிக் இல்லை, மோசக்காரன். போறப்போ அவனே நட்டைத் தளர்த்திட்டுப் போறான். நாளைக்கு மறுபடி சத்தம் வரும், மறுபடி வரலாமில்ல?"

"நிஜமாவாக்கா? அவரேவா தளர்த்தினார்?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

நிகோரா தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏமாந்துபோன பெண் அழப்போகிறாள் என்று சனோபர் அவள் தோளைத் தட்டினாள்.

"மனசை விடாதே. அவன் பேரு என்ன? கடைக்குப் போன் போட்டு, இனிமே அந்த ஆளை இந்த வீட்டுப் பக்கமே அனுப்பாதீங்கன்னு நான் சொல்றேன்."

"வேண்டாம்க்கா. இனிமே சத்தம் வராது. உங்க வீட்டுக்காரரை நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க. இன்னைக்கே அவரைத் துணிமணியோட வந்துடச் சொல்றேன்."

"எவரை? நான் பேரைக் கேட்டா நீ என்னவோ சொல்றே."

நிகோராவின் முகம் காதுவரை சிவந்தது.

"கட்டினவர் பேரை நான் எப்படிக்கா வாயால சொல்றது?"