பிஸ்கட் டப்பா

இருட்டிய பிறகு பல்கலைக்கழக மரத்தடியில் ஒரு தகர டப்பா குலுங்கியது. காலையில் மட்டுமே கேட்கிற சத்தம் அது.

மூன்று குட்டிகளும் காதை நிமிர்த்தின. "நம்ம அக்கா வந்துட்டாங்க, ஓடுங்க!" என்றது தாய் நாய் செவலை.

தெருநாய்கள் மனிதர்களை எவ்வளவு நம்புகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவள் அந்த அக்கா. டப்பாவைக் குலுக்குவாள். வருகிற நாய்க்குப் பிஸ்கட் போட்டுவிட்டு எழுதிக்கொள்வாள்.

"இந்நேரத்துல என்னடி பிஸ்கட்? பிள்ளைங்களைப் பிடி!" என்று மதில்மேல் இருந்த பூனை கத்தியது.

அதற்குள் இரண்டு குட்டிகள் ஓடிவிட்டன. ஒரு வண்டியின் கம்பிக்கதவு சாத்திக்கொண்டது. டப்பா இருந்தது நாய் பிடிக்கிறவன் கையில்.

வண்டியைத் துரத்திய செவலை மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. "அக்கா டப்பாவைத் திருடிட்டான், பாவி."

"திருடலடி," என்றது பூனை. "நாய்ங்களை ஊருக்கு வெளியே விடணும்னு பல்கலைக்கழகத்துல மீட்டிங் போட்டாங்க. எப்படிப் பிடிக்கிறதுன்னு கேட்டாங்க. உங்க அக்காதான் டப்பாவைக் கொடுத்தாங்க. ஜன்னல்ல உக்காந்து பார்த்தேன்."

"உனக்குப் பொறாமை. உனக்கு ஒரு பிஸ்கட்கூடப் போட்டதில்லையே."

வண்டி திரும்பி வருகிற சத்தம் கேட்டது. செவலை மிஞ்சிய குட்டியைக் கவ்விக்கொண்டு அக்காவின் வீட்டுக்கு ஓடியது. உள்ளே விளக்கு எரிந்தது. குட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கதவைப் பிறாண்டியது.

நாற்காலி நகர்ந்தது. தெரிந்த காலடிகள் கதவுவரை வந்து நின்றன. செவலை வாலை ஆட்டியது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.