பார்ட்ஸ் கம்பெனி

"ஷிஃப்ட்டுக்கு எட்டு மணி நேரம்னு சொன்ன. எட்டு மணி நேரத்துல எத்தன பீஸ் வரும்மா?"

சௌந்தரராஜன் சிப்காட்டில் உதிரிபாகங்களுக்குத் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் ஹரீஷுக்குப் பெண் பார்க்க மத்திகிரிக்கு வந்திருந்தார். வந்த இடத்திலும் தரம்தான் பார்த்தார்.

பெண் அனிதா தன் அம்மா பூவம்மாளை முறைத்தாள். துகள் ஆராய்ச்சி என்றால் தரகருக்குப் புரியாது என்று, 'பார்ட்டிகிள்' என்பதைப் பாதியில் வெட்டி, "பொண்ணுக்கு பெங்களூர்ல பார்ட்ஸ் கம்பெனி" என்று சொல்லி வைத்தவள் அவள்தான்.

"கம்பெனி இல்லீங்க சார், ஆராய்ச்சிக்கூடம். அணுவைவிடச் சின்னதா ஒரு துகளத் தேடறோம்."

"சின்னதுன்னா? அஞ்சு மைக்ரானா?"

"அதவிட ரொம்பச் சின்னதுங்க."

"அதுக்கு கேஜே கெடையாதேம்மா. எதை வெச்சு அளப்பீங்க?"

"அளக்கறதில்லைங்க. அப்படி ஒண்ணு இருக்கான்னு பாக்கறோம். வெளிநாட்டுல ஒரு மலைக்கு அடியில கருவி இருக்கு. இங்கிருந்து ராத்திரி பகலா ஷிஃப்ட் போட்டு கம்ப்யூட்டர்ல கவனிக்கறோம்."

"சரி, இதுவரைக்கும் எத்தன வந்திருக்கு?"

"ஒண்ணும் வரல."

"இந்த மாசமா?"

"பதினோரு வருஷமா."

சௌந்தரராஜன் கடித்த நிப்பட்டு வாயிலேயே நின்றது.

பூவம்மாள் பதறினாள். "அவ சும்மா சொல்றாண்ணா. ஒண்ணு ரெண்டு வந்திருக்கும். ஏன்டி, வந்துச்சுன்னுதான் சொல்லேன்."

"வராதத எப்படிம்மா வந்துச்சுன்னு சொல்றது? அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி?"

அனிதாவுக்கு அலுத்துப்போனது. இந்த இடம் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து உட்காருவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். இருந்தும் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. பேச வேண்டிய மாப்பிள்ளையோ குனிந்த தலை நிமிராமல், தட்டில் இருந்த நிப்பட்டைத் தூள் தூளாக உடைத்துக்கொண்டிருந்தான்.

"இங்க பாரும்மா. என் பையனும் பெங்களூர்ல பார்ட்ஸ் லைன்தான். ஒரே தொழிலா இருக்கேன்னுதான் வந்தோம். வேலை எப்படிடா போவுதுன்னு எப்ப கேட்டாலும், 'ஓடிட்டிருக்குப்பா'ம்பான். வேலைன்னா அப்படி ஓடணும். பதினோரு வருஷம் ஒரு பீஸ்கூட வராத லைன் ஒரு லைனா? அதுலயும் ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு உக்காந்திருக்கற மடப்பசங்கள சொல்லணும்."

செல்போனைச் சட்டைப்பையில் போட்டபடி எழுந்தார். "கெளம்புடா, ஹரீஷ்."

ஹரீஷ் எழவில்லை. இப்போதாவது சொல்லித் தொலை என்பதுபோல் அனிதா அவனையே பார்த்தாள். கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, அவன் மெல்ல வாயைத் திறந்தான்.

"அந்த லைன்ல ஆறு வருஷமா உக்காந்திருக்கறவன் நான்தான்ப்பா. என் ஷிஃப்ட் இன்சார்ஜ் இவங்க."