பதினொரு கிலோ

மூன்று முறை குத்தியும் நர்சுக்கு நரம்பு அகப்படவில்லை.

கையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ராஜவேலு, மகள் சௌம்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்தாறு வருஷமாகத் தரம் பிரிக்கிறவர். தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டால் போதும், ஆடு மேய்ந்து கொழுத்ததா, பட்டினி கிடந்ததா என்று சொல்லிவிடுவார். அவர் ஓரமாகத் தள்ளியதை முதலாளியே திரும்ப எடுக்கச் சொன்னதில்லை.

பாழாய்ப்போன பழக்கம். விரல் தானாகவே மகளின் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தது.

கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.



மாப்பிள்ளை வீட்டார் கேட்டது என்னவோ சின்ன விஷயம்தான். பெண் கொஞ்சம் இளைத்தால் மேடையில் எடுப்பாக இருக்குமாம். இரண்டே மாதத்தில் பதினொரு கிலோ போயிற்று. குடியாத்தத்துச் சம்பந்தியம்மா போன வாரம் வந்து, ஆளே அடையாளம் தெரியவில்லை என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். தெருவே மெச்சியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்று காலை சௌம்யா குளியலறையில் விழுந்து கிடந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

நாலாவது குத்தில் ஊசி ஏறியது.

"கிட்னி ரெண்டும் அடி வாங்கியிருக்கு" என்றார் டாக்டர். "எடை குறைய என்ன சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சாதான் வைத்தியம் பண்ண முடியும். அந்த டப்பாவைக் கொண்டாந்தாக்கூடப் போதும்."



சௌம்யா கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஃப்ரெண்டு ஒருத்தி பவுடர் குடுத்தா டாக்டர். பேர் தெரியாது. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். பாவம் பெற்றவர் என்று நினைத்தாரோ என்னவோ, ராஜவேலுவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

டப்பா கீழே, அவருடைய ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது. நேற்று வாங்கிய மூன்றாவது டப்பா. தினமும் விடிந்ததும், அவள் போதும்ப்பா என்று கெஞ்சக் கெஞ்ச, வெந்நீரில் கலக்கிக் குடிக்க வைத்தது அவர்தான்.

சொன்னால் கல்யாணம் நின்றுபோகும்.

டாக்டர் வார்டைத் தாண்டிப் போகிறவரை அவர் வாயைத் திறக்கவில்லை.